குடியிருக்கிற வீட்டை இடிச்சுக் கட்டுறது எப்படி?

அரசாங்க சாஃப்ட்வேரைப் புதுப்பிக்கிற இன்ஜினியர் வேலை: ஒரு அறிமுகப் பாடம்



மூணாவது வருஷம் மினி ப்ராஜெக்ட்டுக்கு எங்க டீம் பண்ணது, முதியோர் பென்ஷனுக்கு விண்ணப்பிக்கிற ஒரு ஆப். லாகின், ஃபார்ம், டாஷ்போர்டு எல்லாம் பளபளன்னு இருந்துச்சு. ரிவ்யூல மேம் பத்து நிமிஷம் பொறுமையாப் பார்த்துட்டு மூணே மூணு கேள்வி கேட்டாங்க.

"ஏற்கெனவே பென்ஷன் வாங்கிட்டு இருக்கிறவங்களோட பழைய டேட்டா எங்கப்பா? இப்போ ஓடிட்டு இருக்கிற சிஸ்டத்தை என்னைக்கு நிறுத்துவீங்க? நிறுத்தின மாசம் ஒரு பாட்டிக்குப் பணம் போகலைன்னா, அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நாலு பேருக்கும் பதில் தெரியல. "அது ஃபியூச்சர் வொர்க் மேம்"னு சமாளிச்சு மார்க் வாங்கிட்டு வெளிய வந்துட்டோம். ஆனா அந்த மூணு கேள்வியும் கூடவே வந்துடுச்சு. லீவுல உட்கார்ந்து, உலகத்துல மத்தவங்க இதை எப்படிச் செஞ்சாங்கன்னு தேடிப் படிச்சேன். அதோட சுருக்கம்தான் இந்தக் கட்டுரை. பெரும்பாலான உதாரணங்கள் அமெரிக்காவுல இருந்து வரும். காரணம் ஒண்ணுதான்: அங்க அரசாங்க சாஃப்ட்வேர் சொதப்பினப்போ, என்ன நடந்துச்சுன்னு விசாரணையிலும் புத்தகங்களிலும் வெளிப்படையாப் பதிவாகியிருக்கு. கடைசியில நம்ம ஊருக்கும் வருவோம்.

1. இது ஏன் சாதாரண ஆப் வேலை மாதிரி இல்ல?

ஒரு சாப்பாட்டு ஆப் சரியில்லைன்னா அழிச்சுட்டு இன்னொண்ணு போட்டுக்கலாம். ரேஷன் கார்டுக்கும் பட்டாவுக்கும் பென்ஷனுக்கும் வேற கடை கிடையாது. அந்த ஒரே கவுன்ட்டர்தான். அதனால "நம்ம டார்கெட் யூசர் யாரு?"ங்கிற கேள்விக்கே இங்க இடமில்லை. ஸ்மார்ட்போன் வச்சிருக்கிற நீங்களும் யூசர்தான், கைநாட்டு வைக்கிற தாத்தாவும் யூசர்தான்.

ரெண்டாவது, இங்க ரெக்வயர்மென்ட் எழுதுறது கிளையன்ட் இல்ல, சட்டம். சட்டசபையில ஒரு திருத்தம் வந்தா கோடும் மாறணும். அப்படி 30, 40 வருஷமா மாறி மாறி வந்த கோடுதான் இன்னைக்கு ஓடிட்டு இருக்கு.

மூணாவது, நிறுத்த முடியாது. பழைய வீட்டை இடிச்சுக் கட்டணும்னா நாம வாடகை வீட்டுக்குப் போவோம். இங்க குடும்பமே உள்ள இருக்கு, அடுப்பு எரிஞ்சுக்கிட்டே இருக்கணும், அதுக்கு நடுவுல சுவத்தை இடிக்கணும். மாடர்னைசேஷன்னு சொல்ற வேலை முழுக்க இதுதான்.

2. கோபால் மாமாவைத் திட்டாதீங்க

கோபால்னா பக்கத்து வீட்டு மாமா இல்ல. 1959-60ல உருவான புரோகிராமிங் மொழி. கணக்கு வழக்கு, சம்பளம், வரி மாதிரியான வேலைக்குன்னே செஞ்சது. அமெரிக்க வருமான வரித்துறை தனிநபர் கணக்குகளை வச்சிருக்கிற 'இன்டிவிஜுவல் மாஸ்டர் ஃபைல்' சிஸ்டம் 1960கள்ல பிறந்தது. அசெம்பிளி, கோபால் ரெண்டும் கலந்து எழுதினது. ஐம்பது வருஷம் தாண்டியும் ஓடிச்சு.

"அட, இவ்வளவு பழசா? தூக்கிப் போட்டுட்டு ஜாவால எழுதிடலாம்"னுதான் நமக்குத் தோணும். பொறுங்க.

2018 ஏப்ரல் 17, அங்க வரி தாக்கல் செய்ய கடைசி நாள். அன்னைக்குப் பார்த்து சிஸ்டம் படுத்துடுச்சு. அரசாங்கம் ஒரு நாள் கூடுதலாக் கொடுக்க வேண்டியதாச்சு. எல்லாரும் பழைய கோட்தான் காரணம்னு நினைச்சாங்க. உண்மையில பழுதானது, வாங்கி ஒன்றரை வருஷமே ஆன ஹார்டுவேர்.

இன்னொண்ணு, 2020 ஏப்ரல். கொரோனா சமயம். அமெரிக்கா முழுக்க ஒரே வாரத்துல 60 லட்சம் பேருக்கு மேல வேலையிழப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பிச்சாங்க. நியூ ஜெர்சி ஆளுநர் பில் மர்ஃபி, கோபால் தெரிஞ்ச தன்னார்வலர்கள் வேணும்னு பேட்டியிலயே கேட்டார். இணையம் முழுக்க கோபாலைக் கிண்டல் பண்ணுச்சு. ஆனா கணினி வரலாற்று ஆய்வாளர் மார் ஹிக்ஸ் அதே வருஷம் எழுதின கட்டுரையில வேற விஷயம் சொன்னாங்க: பின்னாடி இருந்த கோபால் தன் வேலையைச் செஞ்சுக்கிட்டுத்தான் இருந்தது; திணறினது முன்னாடி இருந்த, அதைவிடப் புதுசான ஜாவா வெப்சைட்.

இதுல இருந்து எடுத்துக்க வேண்டிய பாடம், பழசு எல்லாம் நல்லதுங்கிறது இல்ல. பழைய சிஸ்டத்துல உண்மையான பிரச்சினைகள் இருக்கு: தெரிஞ்சவங்க ஓய்வு பெறுறாங்க, ஆவணம் இல்ல, ஒரு இடத்துல தொட்டா இன்னொரு இடத்துல உடையுது. ஆனா எது உடைஞ்சிருக்குன்னு அளந்து பார்க்காம கை வைக்கக் கூடாது. டாக்டர் டெஸ்ட் எடுக்காம ஆபரேஷன் பண்ண மாட்டார் இல்லையா?

3. ஒரு பைசா பாடம்

பழைய கோடை "அப்படியே" புது மொழியில எழுதுறது ஏன் கஷ்டம்னு ஒரு சின்ன உதாரணத்துல பார்ப்போம்.

நமக்குத் தெரிஞ்ச டபுள் வகையில 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினா 0.3 வராது, 0.30000000000000004 வரும். ஃபர்ஸ்ட் இயர்லயே பார்த்திருப்பீங்க. கோபால்ல பண எண்கள் தசம எண்ணாவே, புள்ளிக்கு அப்புறம் எத்தனை இலக்கம்னு முன்கூட்டியே அறிவிச்சு வச்சிருப்பாங்க. அதனால இந்தக் குழப்பம் வராது.

அதைவிட நைஸான விஷயம் ஒண்ணு இருக்கு. கோபால்ல 'ரவுண்டடு'ன்னு தனியாச் சொல்லலைன்னா, மிச்ச இலக்கத்தை வெட்டிடும். 1033.335 ரூபாய் அங்க 1033.33 ஆகும். நாம புது மொழியில நல்லெண்ணத்தோட ரவுண்டு பண்ணினா 1033.34. பைத்தானோட ரவுண்டு ஃபங்ஷன் இன்னொரு விதி வச்சிருக்கு: 2.5-ஐக் கொடுத்தா 3 வராது, 2 வரும். சரிபாதியா இருந்தா பக்கத்துல இருக்கிற இரட்டை எண்ணுக்குப் போகும்.

ஒரு பைசாதானேன்னு தோணும். கற்பனையா ஒரு கணக்குப் போடுங்க: 30 லட்சம் பேருக்கு மாசம் ஒரு பைசா மாறினா, மாசம் 30,000 ரூபாய், வருஷத்துக்கு 3.6 லட்சம். தொகையைவிடப் பெரிய தலைவலி, தணிக்கையில பழைய கணக்கும் புதுக் கணக்கும் டாலி ஆகாது. அப்புறம் அந்த வெட்டுற விதி ஒருவேளை ஏதோ ஒரு அரசாணையில சொன்ன விதியா இருக்கலாம்! அப்படின்னா நாம "சரி பண்ணது" சட்டப்படி தப்பு.

தேதியிலும் இதே கதைதான். மெமரி விலை உச்சத்துல இருந்த காலத்துல வருஷத்தை ரெண்டே இலக்கத்துல வச்சாங்க. 2000 பிறக்கும்போது 00-ஐ 1900-ன்னு எடுத்துக்கும்னு உலகமே பதறுச்சு. அந்த ஒய்-டு-கே வேலைதான் 1990களோட கடைசியில நம்ம ஐ.டி. நிறுவனங்களுக்குப் பெரிய வாசலைத் திறந்துவிட்டது. பழைய கோடைப் படிக்கிறது நம்ம ஆளுங்களுக்குப் புது வேலை இல்லைன்னு சொல்றதுக்காக இதைச் சொல்றேன்.

4. பதினேழு வருஷம் ஆன 'புது ஆள்'

கலிஃபோர்னியாவுல 2020ல வேலையிழப்பு உதவித்தொகை விண்ணப்பங்கள் மலையாக் குவிஞ்சப்போ, அதைச் சரி பண்ணப் போன குழுவுல ஜெனிஃபர் பால்கா ஒருத்தர். 2023ல வந்த 'ரீகோடிங் அமெரிக்கா' புத்தகத்துல ஒரு சம்பவம் சொல்றாங்க. விண்ணப்பங்களைப் பரிசீலிக்கிற ஊழியர் ஒருத்தர், எந்தக் கேள்வி கேட்டாலும் "நான் இங்க புதுசு, எனக்கு அவ்வளவாத் தெரியாது"ன்னே சொல்லிட்டு இருந்தாராம். கடைசியில, எவ்வளவு நாளா இங்க இருக்கீங்கன்னு கேட்டா, 17 வருஷமாம்! இன்னும் அதிக காலமா இருக்கிறவங்களுக்குத்தான் முழுசாத் தெரியுமாம்.

சிரிப்பா இருந்தாலும் யோசிச்சுப் பாருங்க. அவ்வளவு விதிகள், விதிவிலக்குகள், அதுக்கு மேல குறுக்குவழிகள். புதுசா ஆள் எடுத்துப் போட்டா வேலை வேகமாகும்னு நாம நினைப்போம். உண்மையில தெரிஞ்சவங்க தங்களோட வேலையை விட்டுட்டுப் புது ஆளுக்குச் சொல்லிக் கொடுத்துட்டு இருக்கணும்.

அதனால இந்த வேலையில முதல் ஆறு மாசம் கோட் எழுதுறதைவிடக் கேட்கிறதும் படிக்கிறதும்தான் அதிகம். எப்படிப் படிக்கணும்?

கவுன்ட்டர்ல இருக்கிறவங்க பக்கத்துல போய் உட்காருங்க. மானிட்டர் ஓரத்துல ஒட்டியிருக்கிற துண்டுச் சீட்டுகளைப் பாருங்க. "இந்த இடத்துல ஸ்பேஸ் ரெண்டு தடவை தட்டணும்", "இந்த வகை கேஸுக்கு தேதி 01-01-1900 போடு" அப்படின்னு எழுதி வச்சிருப்பாங்க. எந்த ஆவணத்துலயும் இல்லாத ஸ்பெசிஃபிகேஷன் அதுதான்.

அப்புறம், பழைய சிஸ்டம் எந்த இன்புட்டுக்கு என்ன அவுட்புட் கொடுக்குதுன்னு அப்படியே பதிவு பண்ணி டெஸ்ட்டா எழுதி வைங்க. சரியா தப்பான்னு தீர்ப்பு சொல்ல வேண்டாம்; இப்போ என்ன பண்ணுதோ அதை மட்டும் பிடிச்சு வைங்க. மைக்கேல் ஃபெதர்ஸ் இதுக்கு 'கேரக்டரைசேஷன் டெஸ்ட்'னு பேரு வச்சார். நாளைக்கு நீங்க எழுதுற புதுக் கோட் எங்க வித்தியாசப்படுதுன்னு அது காட்டிக் கொடுக்கும். வித்தியாசம் வந்தா, அது பழைய பிழையா, பழைய விதியான்னு துறை ஆட்களைக் கேட்டு முடிவு பண்ணலாம்.

5. முதல் நாள் ஆறு பேர்

இப்போ முழு கேஸ் ஸ்டடி. 2013 அக்டோபர் 1. அமெரிக்காவுல மருத்துவக் காப்பீடு வாங்குறதுக்காக ஹெல்த்கேர்.கவ்ங்கிற தளம் திறந்தாங்க. 36 மாநில மக்களுக்கு அதுதான் வாசல். லட்சக்கணக்குல மக்கள் வந்தாங்க. முதல் நாள் வெற்றிகரமாப் பதிவு பண்ணது எத்தனை பேர் தெரியுமா? ஆறு பேர். ஆறு லட்சம் இல்ல, ஆறு.

என்ன தப்பு நடந்துச்சு? ஒரே ஒரு பக்-னு கை காட்ட முடியாது. ஐம்பதுக்கும் மேற்பட்ட ஒப்பந்த நிறுவனங்கள் ஆளுக்கு ஒரு துண்டு செஞ்சாங்க. மொத்தத்தையும் சேர்த்து ஒரு முனையில இருந்து மறு முனை வரைக்கும் சோதிச்சது கடைசி ரெண்டு வாரத்துலதான். திட்டங்களோட விலையைப் பார்க்கணும்னாலே முதல்ல அக்கவுன்ட் திறக்கணும்னு வச்சிருந்தாங்க. சும்மா விலை பார்க்க வந்த கூட்டமும் லாகின் வாசல்லயே மோதி அடைச்சுக்கிச்சு. துணிக்கடைக்குள்ள நுழையுறதுக்கே ஆதார் கேட்டா தெருவுல கூட்டம் எப்படி நிக்கும்? அந்த நிலைமை.

ரொம்ப ஆச்சரியமான விஷயம்: தளம் ஓடுதா படுத்துடுச்சான்னு எல்லாரும் ஒரே இடத்துல பார்க்கிற மாதிரி ஒரு மானிட்டரிங் டாஷ்போர்டு கூட இல்ல. மேம் கேட்ட மூணாவது கேள்வி ஞாபகம் இருக்கா? "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அக்டோபர்ல ஒரு மீட்புக் குழு வந்துச்சு. கூகுள்ல சைட் ரிலயபிலிட்டி வேலை பார்த்த மைக்கி டிக்கர்சன் அதுல ஒருத்தர். அவங்க செஞ்ச வேலைகளைக் கவனிங்க, எதுவுமே ராக்கெட் சயின்ஸ் இல்ல. முதல்ல அளக்க ஆரம்பிச்சாங்க. அடிக்கடி கேட்கப்படுற டேட்டாவை ஒவ்வொரு தடவையும் டேட்டாபேஸ்ல போய்த் தேடாம கேஷ்ல வச்சாங்க. தினமும் காலையும் மாலையும் எல்லா நிறுவன ஆட்களையும் வச்சு ஸ்டாண்ட்-அப் மீட்டிங். அதுக்கு மூணு விதி: கூட்டம் பிரச்சினையைத் தீர்க்கத்தான், பழி போடறதுக்கு இல்ல; பதவியில பெரியவர் இல்ல, விஷயம் தெரிஞ்சவர் பேசணும்; அடுத்த ஒண்ணு ரெண்டு நாள்ல நம்மைக் கவிழ்க்கப் போறது எதுவோ அதை மட்டும் பேசணும்.

பதிலளிக்க சராசரியா 8 விநாடி எடுத்த தளம், டிசம்பர் தொடக்கத்துல ஒரு விநாடிக்கும் கீழ வந்துச்சு. 6 சதவீதமா இருந்த பிழை 1 சதவீதத்துக்கும் கீழ போச்சு. அந்த முதல் பதிவுக் காலம் முடியுறப்போ, மாநிலங்களோட சொந்தத் தளங்களையும் சேர்த்து, நாடு முழுக்க சுமார் 80 லட்சம் பேர் காப்பீட்டுக்குப் பதிவு பண்ணியிருந்தாங்க. 2014 ஆகஸ்ட்ல 'யு.எஸ். டிஜிட்டல் சர்வீஸ்'னு ஒரு அமைப்பே உருவாச்சு. டிக்கர்சன் அதோட முதல் தலைவர்.

இன்ஜினியரா எனக்கு இதுல பிடிச்ச இடம் அந்த ரெண்டாவது விதி. எல்லா அரசாங்க அலுவலகத்துலயும், ஏன், பெரிய கம்பெனியிலயும், பெரியவர் இருக்கிற ரூம்ல சின்னவர் வாயைத் திறக்க மாட்டார். ஆனா எந்த க்வெரி மெதுவா ஓடுதுங்கிறது அந்தச் சின்னவருக்குத்தான் தெரியும்.

6. 'எங்க மெஷின்ல ஓடுது சார்'

நாம லேப்ல தினமும் சொல்ற டயலாக். அமெரிக்காவுல முன்னாள் ராணுவத்தினர் மருத்துவ உதவிக்கு விண்ணப்பிக்கிற ஆன்லைன் படிவத்துக்கும் இதே கதி. குறிப்பிட்ட பிரவுசரும் குறிப்பிட்ட அடோபி ரீடரும் சேர்ந்திருந்தாத்தான் அது திறக்கும். துறை அலுவலகத்துல இருந்த கம்ப்யூட்டர்கள்ல எல்லாம் அந்த ஜோடி இருந்துச்சு. அதனால அதிகாரிகள் சோதிச்சப்போ எல்லாம் அழகாத் திறந்துச்சு. வீட்டுல இருந்து முயற்சி பண்ணவங்களுக்கு எரர்தான்.

டிஜிட்டல் சர்வீஸ் குழு வாதம் பண்ணல, அறிக்கை எழுதல. ஒரு முன்னாள் வீரர் அந்தப் படிவத்தைத் திறக்கப் போராடுறதை, அவரோட சம்மதத்தோட வீடியோ எடுத்து மேலதிகாரிகளுக்குப் போட்டுக் காட்டினாங்க. அதுக்கப்புறம் பிரவுசர்லயே நேரடியா நிரப்புற புதுப் படிவம் 2016ல வந்துச்சு.

உங்க ப்ராஜெக்ட்டை உங்க பாட்டி கையில கொடுத்துட்டு, எதுவும் சொல்லிக் கொடுக்காம, பேசாம பத்து நிமிஷம் பக்கத்துல உட்காருங்க. அதுதான் யூசர் ரிசர்ச். நான் பண்ணேன். எங்க ஆச்சி முதல் ஸ்கிரீனைத் தாண்டல.

7. பனையைச் சுத்தின ஆலமரம்

சரி, படிச்சாச்சு, அளந்தாச்சு. எப்படி மாத்துறது? ஒரே ராத்திரியில பழசை நிறுத்திட்டுப் புதுசை ஓட விடுறதுக்குப் 'பிக் பேங்'னு பேரு. பெரும்பாலும் அது நம்ம தலையிலதான் வெடிக்கும்.

இன்னொரு வழி இருக்கு. கிராமத்துப் பக்கம் போனா பார்த்திருப்பீங்க: பனைமரத்து உச்சியில பறவை போட்ட விதை முளைச்சு, ஆலமரம் மெதுவா விழுது இறக்கி, பனையைச் சுத்தி வளர்ந்து நிக்கும். பல வருஷம் ரெண்டும் ஒண்ணா நிக்கும். கடைசியில பனை இல்லைன்னாலும் ஆல் தன் காலிலேயே நிக்கும். மார்ட்டின் ஃபவ்லர் ஆஸ்திரேலியாவுல இதே மாதிரி அத்தி இன மரங்களைப் பார்த்துட்டு, 2004ல இந்த முறைக்கு 'ஸ்ட்ராங்ளர் அப்ளிகேஷன்'னு பேரு வச்சார். படிகள் இவ்வளவுதான்:

அ) பழைய சிஸ்டத்துக்கு முன்னாடி ஒரு ப்ராக்ஸி வைங்க. எல்லா கோரிக்கையும் இது வழியாப் போகட்டும். இப்போதைக்கு எல்லாத்தையும் பழசுக்கே அனுப்பும்.

ஆ) ஒரே ஒரு சின்ன வேலையைத் தேர்ந்தெடுங்க. உதாரணமா, 'விண்ணப்ப நிலையைப் பார்ப்பது'. டேட்டாவை மாத்தாத, படிக்க மட்டும் செய்யுற வேலையா இருந்தா ஆபத்து குறைவு.

இ) அதைப் புதுசா எழுதி, ரெண்டையும் இணையா ஓட விடுங்க. பதில் பழசுல இருந்தே போகட்டும். புதுசு கொடுத்த பதிலை ஒப்பிட்டு மட்டும் பாருங்க.

ஈ) வித்தியாசம் எல்லாத்துக்கும் காரணம் தெரிஞ்ச பிறகு, 1 சதவீதம், 10 சதவீதம்னு புதுசுக்குத் திருப்புங்க. தப்பு வந்தா உடனே பழசுக்குத் திரும்ப வழி இருக்கணும்.

உ) பழைய பகுதியை நிஜமாவே அணைங்க. இந்தக் கடைசிப் படியை விட்டுட்டா ரெண்டு சிஸ்டத்தையும் காலம் முழுக்கப் பராமரிக்கணும்.

மாதக் கணக்குல பார்த்தா இது மெதுவா இருக்கும். ஆனா எந்த மாசமும் யாருக்கும் பணம் நிக்காது.

8. கோமதிக்கும் கோமதிக்கும் என்ன வித்தியாசம்?

இப்போ நம்ம ஊர். எங்க ஆச்சி பேரு கோமதி. ஒரு ஆவணத்துல 'சு. கோமதி', இன்னொண்ணுல 'கோமதி சு', மூணாவதுல 'கோமதியம்மாள்'. ஒரு உதவித்தொகைக்காக ஒரு அலுவலகத்துக்கு நாலு தடவை நடந்தாங்க. ஒவ்வொரு தடவையும் "பேரு மேட்ச் ஆகலம்மா". ஆச்சி என்கிட்ட கேட்டது: "ஏலே, நான் நான்தாம்லே. அந்தப் பொட்டிக்கு எப்படிலே தெரியாமப் போச்சு?"

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். முதல் பெயர், கடைசிப் பெயர்னு ரெண்டு கட்டம் வச்சு, ரெண்டையும் கட்டாயம்னு போட்டவர் நம்மளை மனசுல வச்சுச் செய்யல. நாமளே ப்ராஜெக்ட்ல அதே கட்டத்தைத்தான் காப்பி அடிக்கிறோம்!

இதுக்கு அடியில இன்னொரு அடுக்கு இருக்கு: எழுத்துரு. யூனிகோட் பரவலாகுறதுக்கு முன்னாடி தமிழை டாம், டாப், திஸ்கி, பாமினி, வானவில்னு பல விதமாச் சேமிச்சாங்க. 1999ல சென்னையில நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் ரெண்டும் தரமாச்சு. 2010ல தமிழக அரசு யூனிகோடையும், டேஸ்-16ங்கிற 16-பிட் முறையையும் தரமா அறிவிச்சது. அதுக்கு முந்தின கோப்புகளை எல்லாம் மாத்தியாகணும்.

மாத்துறப்போ என்ன ஆகும்? பாமினி மாதிரியான பழைய முறையில 'கோ'வைக் கண்ணுக்குத் தெரியுற வரிசையிலயே வைப்பாங்க: முதல்ல இரட்டைக்கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். யூனிகோட்ல க முதல்ல வரணும், அதுக்கு அப்புறம் ஓகாரக் குறி ஒண்ணே ஒண்ணு. அரைகுறையா எழுதின கன்வெர்ட்டர், க-வை முன்னாடி கொண்டுவந்துட்டு, கொம்பையும் காலையும் தனித்தனியா விட்டுடும். திரையில ரெண்டும் ஒரே 'கோமதி'தான். ஆனா உள்ள ஒண்ணுல ஒரு குறி, இன்னொண்ணுல ரெண்டு குறி. ஸ்ட்ரிங் கம்பேர் பண்ணினா 'மேட்ச் ஆகல'. தீர்வு எளிது: ஒப்பிடுறதுக்கு முன்னாடி ரெண்டையும் யூனிகோட் நார்மலைசேஷன் பண்ணணும். ஒரே ஒரு வரி கோட்.

ஆனா 'கௌரி'யில அந்த ஒரு வரியும் உதவாது. பலர் ஔகாரக் குறிக்குப் பதிலா ஒற்றைக்கொம்பும் ள-வும் போட்டு 'கெளரி'ன்னு அடிச்சிருப்பாங்க. யூனிகோடுக்கு அது வேற எழுத்து, வேற பேரு. இதைத் தமிழ் தெரிஞ்சவங்கதான் விதி எழுதிப் பிடிக்க முடியும்.

அகர வரிசையும் அப்படித்தான். யூனிகோட் எண் வரிசையில ன, ப-வுக்கு முன்னாடி இருக்கு. அப்படியே சார்ட் பண்ணினா 'கனி' முதல்ல, 'கபிலன்' அப்புறம் வரும். நம்ம நெடுங்கணக்குல ன கடைசி எழுத்து இல்லையா?

எங்க ஆச்சி விஷயத்துல எது காரணம்னு எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனா ஒரு இன்ஜினியர் ஒரு வரி எழுதாம விட்டா, ஒரு கிழவி நாலு தடவை பஸ் ஏறணும்ங்கிறது மட்டும் அன்னைக்குப் புரிஞ்சது.

9. இந்த வேலைக்குப் போகணுமா?

நேர்மையாச் சொல்லிடறேன். மெதுவான வேலை. டெண்டர், ஒப்புதல், கோப்பு நகர்வு எல்லாம் பொறுமையைச் சோதிக்கும். புது ஃபிரேம்வொர்க் எல்லாம் கைக்கு வராது. அரசியல் காத்து மாறினா குழுவே காணாமப் போகலாம்: 2014ல அமெரிக்காவுல தொடங்கின '18எஃப்'ங்கிற அரசு டெக் குழுவை 2025 மார்ச்சில் கலைச்சுட்டாங்க, டிஜிட்டல் சர்வீஸும் அதே வருஷம் ஜனவரியில பேரும் நோக்கமும் மாறிடுச்சு.

ஆனாலும் வாய்ப்பு நிறைய இருக்கு. நம்ம நாட்டுல தேசிய தகவலியல் மையம் 1976ல இருந்து இருக்கு. ரயில்வேக்குன்னு தனியா கிரிஸ் இருக்கு. தமிழ்நாட்டுக்கு மின் ஆளுமை முகமை இருக்கு. இதுபோக, நீங்க சேரப் போற சர்வீஸ் கம்பெனியிலயே ஏதாவது ஒரு நாட்டு அரசாங்கத்தோட ப்ராஜெக்ட் உங்க தலையில விழ நிறைய வாய்ப்பு இருக்கு. அப்போ "லெகஸி ப்ராஜெக்ட்ல போட்டுட்டாங்க மச்சான்"னு அழாம, மேல சொன்னதை ஒருமுறை நினைச்சுப் பாருங்க.

பயிற்சி

1. உங்க போன வருஷ ப்ராஜெக்ட்ல பெயர்க் கட்டத்தைத் திறந்து, வீட்டுப் பெரியவங்க நாலு பேரோட ஆதார்ல இருக்கிற மாதிரியே பேரை அடிச்சுப் பாருங்க. எத்தனை பேரை ஏத்துக்குது?

2. உங்க சீனியர் பேட்ச் எழுதின ஏதாவது ஒரு கோடை எடுத்து, ஒரு வரியும் மாத்தாம, அது என்ன பண்ணுதுன்னு பத்து டெஸ்ட் எழுதுங்க.

3. உங்க ஆப் நின்னுபோனா, யூசர் சொல்றதுக்கு முன்னாடி உங்களுக்குத் தெரியுமா? எப்படி?

மேம் கேட்ட மூணு கேள்விக்கு இப்போ என் பதில்: பழைய டேட்டாவை முதல்ல படிப்போம், பேருகளை நார்மலைஸ் பண்ணி, சந்தேகமானதை மனுஷங்க பார்க்கிற பட்டியல்ல வைப்போம். பழைய சிஸ்டத்தை ஒரே நாள்ல நிறுத்த மாட்டோம். ஒவ்வொரு பகுதியா, ஒப்பிட்டுப் பார்த்து மாத்துவோம். ஒவ்வொரு மாசமும் போன மாசம் பணம் வாங்கினவங்க பட்டியலையும் இந்த மாசப் பட்டியலையும் ஒப்பிட்டு, விட்டுப்போன ஒவ்வொரு பேருக்கும் காரணம் தேடுவோம்.

பதிலை எழுதி மேம்கிட்ட காட்டினேன். படிச்சுட்டு, "சரிப்பா, பேங்க் அக்கவுன்ட்டே இல்லாத பாட்டிக்கு?"ன்னு கேட்டாங்க. அடுத்த இதழ்ல பார்ப்போம்!